மேஸ்திரி சொன்ன பதில்

மார்ச் 11, செவ்வாய்.

பர்கூர் பக்கம் ஒரு கல்குவாரிக்கு விசாரணைக்குப் போனேன். ஆட்களைக் கொத்தடிமையாக வைத்திருப்பதாகப் புகார். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம், "ஊருக்குப் போக விடறாங்களா?" என்று கேட்டேன். எனக்கு ஒடியா தெரியாது. குவாரி மேஸ்திரிதான் மொழிபெயர்த்தார். அவள் வெகுநேரம் பேசினாள். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு குறையும் இல்லையாம் மேடம். நல்லா பாத்துக்கறாங்களாம்" என்றார் அவர்.

அதையே படிவத்தில் எழுதி, அவளிடம் கைரேகை வாங்கினேன். முதலாளியின் ஆளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். இன்று வேறு யாரும் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். துணி மடித்தேன். அழுகைகூட வரவில்லை.

குவாரியிலிருந்து ஜீப் கிளம்பும்போது அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அதற்கும் நான் மேஸ்திரி முகத்தைத்தான் பார்த்தேன்.