மொரிசைக் கொண்டுபோகச் சொல்லுங்கள்

வவுணதீவு
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள விதுர்ஷாவின் அப்பாவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஏறாவூர் றுஸ்தி தம்பி லீவு முடிந்து நாளை கட்டாருக்குத் திரும்புகிறார். உங்கள் கேம்புக்கே வந்து இந்தக் கடிதத்தைக் கையில் தருவதாகச் சொன்னார். என் அழைப்பைத்தான் நீங்கள் எடுப்பதில்லையே.

விதுர்ஷாவுக்குக் கிழமைக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். ஒரு முறை தவறினாலும் முகம் வீங்கி மூச்சு வாங்குகிறது. பஸ்ஸை நம்ப முடியாது. நான்தான் ஏற்றிக்கொண்டு ஓடுகிறேன்.

இரண்டு பழங்காரையும் வைத்து மாரடிக்க ஏலாது, என் அப்பாவின் மொரிஸ் மைனர் இருக்கட்டும், சீதனத்தில் வந்த வொக்ஸ்வாகனை விற்போம் என்று போகும்போது சொன்னீர்கள். மொரிஸ் நல்ல கார்தான், நான் மறுக்கவில்லை. குலுக்காமல் போகும், உதிரிச் சாமான் எங்கும் கிடைக்கும், பொனற்றைத் திறந்தால் எனக்கே விளங்கும். ஆனால் ஓயாமல் தண்ணீர் கேட்கும். வொக்ஸ்வாகன் ஒரே இரைச்சல். அடித்தகடு துருப்பிடித்து மழைத்தண்ணீர் காலில் தெறிக்கிறது. ஒவ்வொரு சாமானுக்கும் கொழும்புக்குச் சொல்லியனுப்ப வேண்டும். இருந்தும் அதற்குத் தண்ணீரே வேண்டாம், காற்றிலேயே ஆறிக்கொள்ளும். எஞ்சின் பாரம் பின்னால் இருப்பதால் வயல் வட்டைப் பாதைச் சேற்றிலும் சறுக்காது. இப்போது அதில்தான் போய்வருகிறோம்.

ஏனென்றால் மொரிசை நான் கெடுத்துவிட்டேன். ஆவணியில் வலையிறவுப் பாலத்தடியில் அது கொதித்து நின்றது. மாரியில் நீங்கள் வாவித் தண்ணீரை அள்ளி ஊற்றுவதைப் பார்த்த பழக்கத்தில் நானும் ஊற்றினேன். கோடையில் வாவி உப்பு என்பது, உள்ளே பிள்ளை அனுங்கிக்கொண்டு கிடந்தபோது புத்தியில் எழவில்லை. பிறகும் ஓடுகிறதே என்று அந்தத் தண்ணீரை மாற்றாமல் அப்படியே விட்டும்விட்டேன். இப்போது றேடியேற்றர் ஓட்டை, எஞ்சினுக்குள்ளும் துரு. இனி இதை நம்பிப் பிள்ளையை ஏற்றாதே என்று கராஜ் சாமித்தம்பி அண்ணன் சொல்லிவிட்டார்.

நேற்று ஓட்டமாவடியிலிருந்து பழங்கார் வாங்கும் றவூப் நானா போனில் கதைத்தார். உங்களோடு பேசி முடித்தாயிற்றாம், ஞாயிற்றுக்கிழமை வொக்ஸ்வாகனை ஏற்ற லொறி வருமாம். எப்போது பேசினீர்கள் என்று கேட்டேன்.

"ராவும் உங்கட அவர் கதைச்சவரே, தங்கச்சி" என்றார்.

உங்கள் போன் பழுது என்றுதான் விதுர்ஷா இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

நானாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். மொரிஸ் ஓடாவிட்டாலும் அவருக்குப் பரவாயில்லையாம், ஆனால் இரண்டு காரும் உங்கள் பெயரில் இருப்பதால் நீங்கள் சொன்னால்தான் மாற்றி எடுப்பாராம்.

ஏன் என்னோடு பேசுவதில்லை என்று நான் கேட்கவில்லை. பிள்ளையின் நிலையைக் கேட்கப் பயமா, வேறு காரியமா, அது உங்களுக்கும் மாமாங்கப் பிள்ளையாருக்கும்தான் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். என்னோடு பேச மனமில்லாவிட்டால் பேச வேண்டாம். றவூப் நானாவோடு இன்னும் ஒரே ஒரு தடவை பேசுங்கள். மொரிசைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அப்பாவின் கார் என்று உங்கள் மனம் கேட்காதுதான். இவளும் உங்கள் பிள்ளைதானே.

எங்கே, யாரோடு இருந்தாலும் நீங்கள் நன்றாக இருக்கவேண்டும். லொறி வருவது ஞாயிறு. பிள்ளையின் ஆஸ்பத்திரி நாள் திங்கள்.

இப்படிக்கு,
உங்கள் புஸ்பம்