பக்கத்து வெளிச்சம்

நாள் 212, காலை 9:10
இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம். நான் வடிவு, ஒன்பதாம் வகுப்பு. செவ்வாய்க் கோளின் இந்த நிலையத்தில் நானும் அம்மாவும் மட்டும். அம்மா கோமதி பாறை ஆய்வாளர்; மாதிரி எடுக்க வண்டியில் போயிருக்கிறார். காற்றழுத்தம் சரி. கீரைத் தொட்டிக்கு நீர் விட்டேன்.

ஒரு சந்தேகம். ஒற்றை நீர் மூலக்கூறு ஈரமாக இருக்காதாம். ஏராளமாகச் சேர்ந்தால்தான் ஈரம். அதுவரை ஈரம் எங்கே இருந்தது? அம்மா வந்ததும் கேட்க வேண்டும்.

பகல் 1:40
புழுதிப்புயல். அம்மாவின் வண்டி பள்ளத்தில் கவிழ்ந்துவிட்டது. வானொலியில்: "ஏட்டி வடிவு, அடி ஒண்ணும் இல்ல. ஆனா திசையே தெரியல. பொழுது சாயுற வரைக்கும் மூச்சுக்குக் காத்து இருக்கு. அழுதா மூக்கச் சிந்திட்டுப் பேசு, காதுக்குள்ள கேக்கு."

நான் அழவில்லை. கொஞ்சம்தான்.

2:25
எங்களிடம் மண் சேகரிக்கும் குட்டி வண்டிகள் நாற்பது உண்டு. மின்மினிகள் என்போம். ஆளுக்கொரு விளக்கு, இரண்டே விதிகள்: பக்கத்து விளக்கை விட்டுவிடாதே; அதை ஒட்டியும் நிற்காதே. அம்மாவைத் தேட ஒன்றை மட்டும் அனுப்பிப் பார்த்தேன். வாசலிலேயே வட்டமடித்தது.

எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். கும்பலாக நெளிந்தன, கிளை பிரிந்தன, பிறகு ஒரே கோடாக நீண்டு புழுதிக்குள் போய்விட்டன. அம்மாவின் வண்டி விளக்கு எரிகிறதாம். அவற்றுக்கு அதுவும் ஒரு பக்கத்து விளக்குதான். எதற்குமே வழி தெரியாது. ஆனாலும் வழி உண்டாகிறது.

3:50
"ஏட்டி! ஒண்ணு வந்து வண்டிய முட்டுது! பின்னால இன்னொண்ணு மினுங்குது. இறங்கி நடக்கேன். அடுப்புல சுடுதண்ணி வையி."

வைத்தேன்.

4:30
வாசலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு விளக்கு அணைந்துவிட்டது. புழுதி மூடியிருக்கும். அதற்கு அப்பால் மங்கலாகத் தெரிபவை வட்டமடிக்கின்றன. அம்மாவும் அவற்றோடு சுற்றினால் காற்று தீர்ந்துவிடும். வானொலியில் இரைச்சல் மட்டும்.

வேறு மின்மினி இல்லை. கைவிளக்கு இருக்கிறது. வெளியுடை எனக்குத் தொளதொளவென்றிருக்கிறது.

வெளியுடைக் குரல் பதிவு, நேரம் தெரியவில்லை
அணைந்த விளக்கின் இடத்தில் நிற்கிறேன். வலப்பக்கம் ஒரு வெளிச்சம். இடப்பக்கம், மங்கலாக, ஒன்று. அதற்கு அப்பால் எனக்கும் எதுவும் தெரியாது. விடக் கூடாது. ஒட்டவும் கூடாது.

அம்மா என்று கூப்பிட்டேன். இரைச்சல்.

கை மரத்துவிட்டது. விளக்கை மாற்றிப் பிடித்தேன்.

இடப்பக்க வெளிச்சம் மறைந்துவிட்டது.

ஓடிப் பார்க்கக் கூடாது. நான் நகர்ந்தால் வழி இல்லை.

மறுபடி எரிகிறது. இல்லை, அது அணையவே இல்லை. அதற்கு முன்னால் ஆள் உருவம் ஒன்று கடந்து என் பக்கமாக...