மருந்தின் பெயர் கிடைக்கும்வரை அந்தக் கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம்

அனுப்புநர்
மு. விமல்,
விமல் ஆன்லைன் சர்வீஸ்,
பஸ் நிறுத்தம் எதிரில், தேவாலா,
பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம்,
உதகமண்டலம்.

பொருள்: மழைமேடு தோட்டத் தொழிலாளர் நல மருத்துவமனையின் கம்ப்யூட்டரில் உள்ள நோயாளிகளின் பேக்கப் நகல்கள் நாளை அழிக்கப்படவிருப்பதை உடனே நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நாளை செவ்வாய்க்கிழமை காலை கோவையிலிருந்து ஓர் இன்ஜினியர் மேற்படி மருத்துவமனைக்கு வருகிறார். அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்து முடித்தால் என் மனைவியின் உயிருக்கு ஆபத்து. மிகைப்படுத்தி எழுதுகிறேன் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். கடைசிவரை படித்தால் தங்களுக்கே விளங்கும்.

1. என் மனைவி கீர்த்தனா, எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். 2022இல், எங்கள் திருமணத்துக்கு முன், மேற்படி மருத்துவமனையில் அவளுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. மயக்க மருந்து கொடுத்ததும் அவளுக்கு மூச்சு நின்றது, இதயமும் நின்றது. டாக்டர் போராடி உயிரை மீட்டார். கொடுத்த மருந்துகளில் ஒன்று இவள் உடம்புக்கு ஆகாது, அதன் பெயரை ஆபரேஷன் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறேன், இனி எங்கே போனாலும் அதைக் காட்டாமல் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது என்று அவளுடைய அப்பாவிடம் சொல்லி அனுப்பினார்.

2. அந்த ரிப்போர்ட் இப்போது எங்களிடம் இல்லை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம் என்று மருத்துவமனையே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. என் மாமனார் இருளப்பன், எஸ்டேட் தொழிலாளி, சொல்வதை அப்படியே தருகிறேன்: “மிசின்ல ஏத்தியாச்சு, எப்ப வந்து கேட்டாலும் எடுத்துத் தாறோம்னு சொல்லித்தானே காகிதத்த வாங்கி வச்சுக்கிட்டாங்க. நான் என்னத்தக் கண்டேன்?” வாங்கிய காகிதங்கள் ஈரத்தில் பூஞ்சை பிடித்து, குப்பைக்குப் போய்விட்டன. அந்த டாக்டர் வெளிநாடு போய்விட்டார். அவருடைய பழைய எண் உபயோகத்தில் இல்லை.

3. கீர்த்தனா இப்போது நிறைமாதக் கர்ப்பிணி. நஞ்சுக்கொடி கீழே இறங்கி கருப்பையின் வாயை மூடியிருப்பதால் ஆபரேஷன்தான் ஒரே வழி என்று கோவை மருத்துவமனையில் வரும் வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். “எது ஆகாதுன்னு தெரியாம நான் எதைங்க கொடுக்கறது?” என்று மயக்க மருந்து டாக்டரம்மா என்னைக் கேட்டார். பயமாக இருக்கிறது, ஐயா. மனுவில் இப்படியெல்லாம் எழுதுவதில்லை என்று எனக்குத் தெரியும். ஊருக்கே மனு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான்.

4. மழைமேட்டுக்கு ஓடினேன். போன மாதம் கம்ப்யூட்டரின் டிஸ்க் கெட்டுப்போய்விட்டதாம், புதிது போட்டும் பழைய விவரம் எதுவும் அதில் இல்லையாம். நகல் எடுத்து வைக்கும் பேக்கப் பெட்டி தனியாக இருக்கிறதே என்று கேட்டேன். அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் டெனின் என்னை அருகில் உட்காரவைத்துத் திறந்து காட்டினார். “ஏனுங்க, பேக்கப்பே நடக்கல போலிருக்குதுங்க. ரிப்போர்ட் பக்கத்துல ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது.” கோவை இன்ஜினியரிடம் போனில் கேட்டோம். பேக்கப் இல்லை, நோயாளியை மறுபடி டெஸ்ட் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்.

என்ன டெஸ்ட், ஐயா? அதே மருந்துகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, எதில் இதயம் நிற்கிறது என்று பார்ப்பதா?

5. பேக்கப் நடக்கவில்லை என்பதை நான் நம்பவில்லை, ஏனென்றால் பெட்டியில் இடம் ஏறக்குறைய நிரம்பியிருந்தது. ஒன்றுமே இல்லாத பெட்டி எப்படி நிரம்பும்? ரிப்போர்ட் பக்கம் கடந்த முப்பது நாட்களை மட்டும் காட்டும்படி வைக்கப்பட்டிருந்தது. டெனினிடம் சொல்லி, எல்லாத் தேதிகளையும் காட்டும்படி மாற்றச் சொன்னேன். திரை நிறையப் பட்டியல் வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே தேதி: 1 ஜனவரி 2015.

காரணம் எங்கள் ஊர்ப் பழக்கம்தான். தேவாலாப் பக்கம் வானம் இருட்டினாலே மெயின் சுவிட்சை அணைத்துவிடுவோம். ஒருமுறை இடி விழுந்து மருத்துவமனையின் ஸ்கேன் மெஷின் கருகியதிலிருந்து, அலுவலகக் கட்டடத்துக்குத் தினமும் சாயங்காலம் மெயினை அணைத்துவிட்டுத்தான் பூட்டுகிறார்கள். கம்ப்யூட்டருக்குள் தேதியை நினைவில் வைக்கக் கைக்கடிகாரத்தில் இருப்பதுபோல் ஒரு சின்ன பேட்டரி உண்டு. அது செத்து வருடக்கணக்காகிறது. இன்டர்நெட் லைனும் மழையில் அறுந்து கிடப்பதால் தேதி தானாகத் திருந்துவதில்லை. அதனால் காலையில் மெயினைப் போட்டதும் கம்ப்யூட்டர் 2015இல் கண் விழிக்கிறது. உடனே பேக்கப் ஓடி, அந்தத் தேதியிலேயே நகலைச் சேமித்துவிடுகிறது. டெனின் வந்து தேதியைச் சரிசெய்வது அதற்குப் பிறகு. அவர் மீது குற்றமில்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

6. ஆபத்து இனிமேல்தான். ஐந்து வருடத்துக்கு முந்தைய நகல்களை நீக்கு என்று அந்தச் சாஃப்ட்வேரில் ஒரு விதி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால்தான் அது வேலை செய்யும், இதுவரை யாரும் அழுத்தவில்லை. டெனின் சொன்னபடி, இன்ஜினியர் நாளை புதுப் பேட்டரி போட்டு, தேதியைச் சரிசெய்து, பழையதைச் சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்துவார். 2015 என்று பெயர் வாங்கிய எல்லா நகலும் அந்த நிமிடமே போய்விடும். இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோதே நிர்வாக அலுவலர் திரு. ஹெர்பர்ட் உள்ளே வந்து, வெளியாள் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்ததே தப்பு என்று என்னை வெளியேற்றினார். நகலைத் திறந்து பார்க்க நேரம் கிடைக்கவில்லை. ஹெர்பர்ட் சார் கெட்டவர் இல்லை, ஐயா. பிற நோயாளிகளின் விவரம் வெளியே போய்விடும் என்ற அவருடைய கவலையும் நியாயமே. ஆனால் “இன்ஜினியர் வந்து பார்த்துக்குவாருங்க” என்ற ஒரே பேச்சையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவர் வந்து பார்ப்பதுதான் என் பயமே.

கீர்த்தனாவின் ரிப்போர்ட் அந்த நகல்களில் கட்டாயம் இருக்கிறது என்று நான் சத்தியம் செய்யவில்லை. இல்லை என்றும் யாராலும் சத்தியம் செய்ய முடியாது. திறந்து பார்த்த பிறகு இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு போய்விடுகிறேன்.

ஆகவே, தாங்கள் இன்றே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் உத்தரவிட்டு, அந்த வேலையை நிறுத்திவைக்க வேண்டுகிறேன். மாவட்டக் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒருவரை அனுப்பி, முதலில் பெட்டி முழுவதையும் வேறு டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டுத் தேடச் சொல்லுங்கள். தேடும்போது நான் அறைக்குள் வர மாட்டேன். எனக்கு வேண்டியது ஒரு மருந்தின் பெயர் மட்டும்.

இன்னொரு விவரத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மாமனார் இன்று காலையிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் அறையின் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. மகளை உள்ளே வைத்துக்கொண்டு அன்று ஆபரேஷன் அறைக்கு வெளியே நின்றது தெரியும். தங்கள் உத்தரவு வரும்வரை யாரையும் உள்ளே விட மாட்டாராம். பணிக்கு இடையூறு என்று அவர் மீது தங்களுக்குப் புகார் வரலாம். வந்தால், அதை இந்த மனுவோடு சேர்த்துப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பதிலைத் தபாலில் அனுப்ப வேண்டாம், ஐயா. நான் தங்கள் அலுவலக வராந்தாவில்தான் நிற்கிறேன்.

இடம்: உதகமண்டலம்
நாள்: 13.10.2025

இப்படிக்கு,
மு. விமல்
(கீர்த்தனாவின் கணவர்)