பாய்மரப் படகுக்கு வந்த விருந்தாளி

போர்ட் பிளேர்
8 டிசம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

இசக்கி எழுதுவது. நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமென்று போனில் சொன்னீர்கள். ஆனால் அம்மா உங்கள் தோளில் ஒட்டிக்கொண்டு "என்ன சொல்லுதா, என்ன சொல்லுதா" என்று கேட்கும்போது போனில் எதைத்தான் பேசுவது? அதனால்தான் நஜ்முன்னிசா அக்காவின் தையல் கடை விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். அம்மா கண்ணில் பட வேண்டாம்.

என் படகைப் பற்றி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறீர்கள். பெரிய பாய்மரப் படகு, பணக்காரர்கள் ஒரு வாரத்துக்கு மொத்தமாக எடுத்துக்கொண்டு தீவு தீவாகப் போவார்கள். படகுத்துறையிலேயே செருப்பையெல்லாம் கூடையில் வாங்கி வைத்துவிடுவோம். கரை திரும்பும்வரை வெறுங்கால்தான். எலுமிச்சைப்புல் மணக்கும் ஈரத்துண்டு, இளநீர் கொடுப்பது என் வேலை. கொஞ்சம் வெளியே வந்ததும் கேப்டன் இன்ஜினை அணைத்துப் பாயை ஏற்றுவார். சத்தமெல்லாம் நின்று, காற்று மட்டும் படகை இழுத்துக்கொண்டு போகும். அந்த நேரத்தில் யாரும் பேசமாட்டார்கள். சிலர் அழுதுவிடுவார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும்.

போன வாரம் கேப்டன் நாகராஜ் கூப்பிட்டார். விருந்தாளிகளுக்கு இசக்கி என்ற பெயர் வாயில் நுழையாதென்று கம்பெனி எனக்கு ஈஷா என்று வைத்திருக்கிறது. "ஈஷா, ஜனவரில ஒங்க ஆளுங்கதான் வாராங்க. பம்பாய், செம்பூர் பார்ட்டி. தோல் பை எக்ஸ்போர்ட் பண்ணுறவராம், கோமதிநாயகம்னு பேரு" என்றார்.

இன்னொரு தடவை பெயரைச் சொல்லச் சொன்னேன். சொன்னார். அவனேதான், மதினி.

மகள் சாதனாவுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வருகிறானாம். அண்ணனை உள்ளே வைத்துப் பூட்டியவனுக்கு நான் துண்டு நீட்ட வேண்டும். அவன் என்னைப் பார்த்ததில்லை. அது நடந்தபோது நான் கோவாவில் ஓட்டல் வேலை பழகிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் லீவு கேட்டால் கிடைக்கும். ஒதுங்கிக்கொள்ளட்டுமா? நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

அன்புடன்,
இசக்கி

*

தாராவி
19 டிசம்பர் 2024

அன்பு இசக்கிக்கு,

ஒதுங்காதே.

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். நஜ்முன்னிசா அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு மிஷினை நிறுத்திவிட்டாள்.

உனக்கு நடந்தது தெரியும். ஆனால் நீ அங்கே இல்லை. நான் இருந்தேன். அன்று மத்தியானம் கோமதிநாயகத்தின் பட்டறையில் கூட வேலை பார்க்கிறவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். அவசர ஆர்டர் என்று உன் அண்ணன் மட்டும் மேலே பரணில் உட்கார்ந்து பை ஒட்டிக்கொண்டிருந்தார். தோல் திருட்டுப் போய்விடுமாம். ஆள் உள்ளே இருப்பது தெரிந்தே கோமதிநாயகம் ஷட்டரை வெளியே பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனான். நான் சோற்று டப்பாவோடு போனபோது ஷட்டருக்கு அடியில் புகை. உள்ளேயிருந்து "விஜி, பூட்டு... பூட்டு..." என்று உன் அண்ணன் குரல். நான் இரண்டு கையாலும் ஷட்டரை அடித்தேன். உள்ளங்கைத் தோல் அந்தத் தகரத்தோடேயே போய்விட்டது. போலீஸ் வருவதற்குள் பூட்டு காணாமல் போயிற்று. "குடிச்சிட்டு பீடி பத்த வச்சான் சார், பக்கத்துல தோல் ஒட்டுற சொல்யூஷன் டப்பா" என்று அவன் சொன்னான், அதை எழுதிக்கொண்டார்கள். நான் பூட்டு என்றதற்கு, பெண்டாட்டி அப்படித்தான் சொல்லுவாள் என்றார்கள்.

அத்தை இன்னும் என்னிடம் கேட்கிறார்கள். "அவன் குடிச்சிருந்தானா விஜி? எங்கிட்ட மட்டும் சொல்லு." நாலு வருஷமாகக் கேட்கிறார்கள். சத்தியம் பண்ணிச் சொல்லியும் நம்பவில்லை. ஊரே சொல்கிறதே.

அவன் உன் கைக்கு வருகிறான், இசக்கி. சுற்றிலும் கடல். நான் வேறென்ன எழுத? சாமி எனக்குக் கொடுக்காததை உனக்குக் கொடுத்திருக்கிறது.

உன் மதினி,
விஜயராணி

*

போர்ட் பிளேர்
21 ஜனவரி 2025

அன்புள்ள மதினிக்கு,

அவன் வந்தான், போய்விட்டான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

படகுத்துறையில் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக இறங்கினான். கூடையில் செருப்பைப் போட்டுவிட்டு, நான் நீட்டிய துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "நம்ம ஊர்ப் பிள்ளையா? நல்லாருக்கணும்" என்றான். மாப்பிள்ளையின் அப்பா பூலோகம் அண்ணாச்சி, மாட்டுங்காவில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசாத மனிதர். சாதனா நல்ல பெண். தட்டு எடுக்கும்போதெல்லாம் எழுந்து கூட எடுப்பாள். அவளைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பாய் ஏற்றியபோது அவனும் அழுதான், மதினி. படகின் முன்னால் கட்டியிருக்கும் வலையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "இப்பிடி ஒரு நிம்மதி ஆயுசுல கெடச்சதில்ல சம்பந்தி" என்றான். அவனுக்குத் தலையணை கொண்டுவந்து கொடுத்தது நான். அந்தத் தலையணையை அவன் முகத்தில் வைத்து அழுத்துவதை நினைத்துக்கொண்டேதான் கொடுத்தேன்.

நாலாம் நாள் காலை ஹேவ்லாக் தாண்டி ஒரு பவளப் பாறைப் பக்கம் நிறுத்தினோம். எல்லோரும் கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் பார்க்க இறங்கினார்கள். அவன் லைஃப் ஜாக்கெட் வேண்டாமென்றான். "தாமிரபரணில நீச்சலடிச்ச ஒடம்புலே இது" என்றான். கடல் ஆறில்லை. நீரோட்டம் அவனைப் பாறைக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. சின்ன ரப்பர் போட்டில் நான்தான் காவல். ஓட்டிக்கொண்டு பக்கத்தில் போனேன். கண்ணாடி நழுவி, உப்புத் தண்ணீர் குடித்து, முங்கி முங்கி எழுந்தான். "எம்மா... கயிறு... கயிற போடும்மா..."

கயிறு கட்டிய மிதவை என் கையில் இருந்தது. நான் போடவில்லை.

"எம் பேரு ஈஷா இல்ல. இசக்கி. மாசானத்தோட தங்கச்சி" என்றேன்.

அவன் கேட்டான். கேட்டது முகத்தில் தெரிந்தது. இன்னொரு தடவை முங்கினான். உங்களை நினைத்தேன். உங்கள் கையை நினைத்தேன். இப்படியே விட்டால் பாவம் நல்ல மனிதர், மகள் கல்யாணம் பார்க்காமல் போய்விட்டார் என்று செம்பூரில் போட்டோவுக்கு மாலை போடுவார்கள். அண்ணன் குடிகாரனாகவே இருப்பான். அது எனக்குப் பொறுக்கவில்லை. கயிற்றை வீசினேன். இழுத்துப் போட்டேன்.

நான் யாரென்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானம் ஒரு மணல்திட்டில் குடை விரித்துச் சாப்பாடு. சுற்றிலும் பச்சைத் தண்ணீர், நடுவில் வெள்ளைத் துணி விரித்த மேஜை. பூலோகம் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "எங்க சம்பந்திய காப்பாத்திருக்க. ஒனக்கு என்னம்மா வேணும், கேளு" என்றார்.

கோமதிநாயகம் மீனைப் பிய்த்துக்கொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"எங்க அண்ணன் குடிச்சிருந்தானான்னு இவர்ட்ட கேட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அது ஆக்சிடென்ட். பய குடிச்சிட்டு பீடி பத்த வச்சான். போலீஸே எழுதியிருக்கு" என்றான்.

"அப்போ ஷட்டர வெளிய யாரு பூட்டுனது?"

அவன் கேப்டனைப் பார்த்துக் கத்தினான், என்னை அனுப்பச் சொல்லி. ஆனால் சாதனா எழுந்து நின்றாள். "அப்பா, அவங்க கேட்டதுக்கு பதில் சொல்லுங்க. பூட்டுனது யாரு?" அவன் மகளையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. பூலோகம் அண்ணாச்சி பாதிச் சாப்பாட்டில் தட்டிலேயே கை கழுவினார்.

மறுநாளே படகைத் திருப்பச் சொல்லிவிட்டார்கள். கம்பெனி என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டது. அதற்கு நான் அழவில்லை. உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இசக்கி

*

தாராவி
1 பிப்ரவரி 2025

இசக்கிக்கு,

கடிதம் கிடைத்தது.

கயிறு உன் கையில் இருந்தது. என் புருஷன் பூட்டு பூட்டு என்று கத்தியபோது என் கையில் ஒன்றும் இல்லை. அதுதான் உனக்கும் எனக்கும் வித்தியாசம்.

மேஜை விரித்து, மீன் வைத்து, நாலு பெரிய மனிதர்கள் முன்னால் பேசினாயாம். அவனுக்குப் போனது ஒரு நாள் சாப்பாடு. அவன் வீட்டில் ஏசி ஓடுகிறது. நான் இன்னும் வெந்நீர்ச் சொம்பைத் துணி சுற்றித்தான் பிடிக்கிறேன்.

அத்தையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ எழுத வேண்டாம்.

விஜயராணி

*

போர்ட் பிளேர்
12 பிப்ரவரி 2025

மதினிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஒன்றே ஒன்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் இரக்கப்பட்டு இழுத்தேன் என்று நினைக்கிறீர்கள். இல்லை. அவன் முங்கியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் இன்னும் வாயில் உப்புக் கரிப்பதுபோல இருக்கிறது. ஆனால் அண்ணனைப் பற்றி உண்மை தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான், மதினி. நீங்கள் சொன்னால் நம்பமாட்டார்கள். மிச்சம் அவன் ஒருத்தன். அவனையும் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டால் யாரிடம் கேட்பது?

இங்கே ஒரு ஓட்டல் சமையலறையில் சேர்ந்திருக்கிறேன். அம்மாவுக்குக் காலில் எண்ணெய் தேய்த்து விடுங்கள். உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்கமாட்டேன்.

இசக்கி

*

தாராவி
3 மார்ச் 2025

என் கண்ணே இசக்கிக்கு,

போனில் சொல்லலாம் என்று எடுத்தேன். அப்படியே வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் நம் சந்துக்கு வந்தான். சாதனா கூட வந்தாள். பூலோகம் அண்ணாச்சி சொல்லிவிட்டாராம்: அந்தப் பெண் சொன்னது பொய் என்றால் இறந்தவனின் பெண்டாட்டி வாயால் கேட்டுவிட்டு வா, பிறகு கல்யாணப் பேச்சு என்று. அதற்குத்தான் வந்திருக்கிறான். வாசலில் நின்று குரலைத் தாழ்த்தி, "உள்ள வந்து பேசலாமா தாயி" என்றான்.

"உள்ள எடமில்ல. இங்கனயே பேசுங்க" என்றேன். குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நஜ்முன்னிசா அக்கா கடையை விட்டு வெளியே வந்து, கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நடந்தது நடந்துபோச்சு. ஆக்சிடென்ட்னு ஒரு வார்த்த சொல்லிரு தாயி. எம் பிள்ள வாழ்க்க" என்றான்.

இரண்டு உள்ளங்கையையும் விரித்து அந்தப் பிள்ளையிடம் காட்டினேன். அவள் பார்த்தாள். அவ்வளவுதான். அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். நீங்க சொல்லலேன்னா ஒங்க வீடும் வேண்டாம்" என்றாள்.

அவன் சந்து நடுவில் நின்றான். வெயில் சுள்ளென்று அடித்தது. பிறகு சொன்னான்.

"பூட்டுனது நாந்தான். அவன் உள்ள இருந்தான்னு தெரியும். குடிக்கல."

"சத்தமா சொல்லுங்க" என்றேன். "எங்க அத்தைக்குக் காது கேக்காது."

"மாசானம் குடிக்கல! நாந்தான் பூட்டுனேன்!"

அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். அவன் முகத்தையே பார்த்தார்கள். ஒரு சாபம்கூட விடவில்லை. உள்ளே போய் உன் அண்ணன் போட்டோவைத் துடைத்தார்கள். அதற்கப்புறம்தான் அழுகைச் சத்தம் வந்தது.

அவன் கையைக் கூப்பினான். "மன்னிச்சிரு தாயி."

"இல்ல" என்றேன். "மன்னிக்க மாட்டேன். கூப்புன கையோட நாலு பேரு பாக்க நடந்து போங்க." சந்து முனைவரை அப்படியே நடந்து போனான். சாதனா அவனோடு போகவில்லை. தனியாக ஆட்டோ பிடித்துப் போனாள். அந்தப் பிள்ளைக்காக மட்டும் என் மனசு கொஞ்சம் அசைந்தது. அதற்குமேல் அசையவில்லை.

நாளைக்கு, எல்லாம் பதிவாகியிருக்கிற அக்காவின் போனை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறோம். குழாயடியில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் வருகிறார்கள். கடிதம் கிடைத்ததும் நீயும் கிளம்பி வா. கடலில் அவன் என்ன கேட்டான், மணலில் என்ன சொன்னான் என்று நீதான் சொல்ல வேண்டும். ஓட்டல் வேலை போனால் போகட்டும். பம்பாயில் சமையலறைக்கா பஞ்சம்?

நான் அன்று எழுதியதை மறந்துவிடு என்று சொல்லமாட்டேன். நினைத்துத்தான் எழுதினேன். இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். தினமும் சாமி கும்பிடும்போது அவன் சாக வேண்டும் என்று கேட்டவள் நான். நேற்று விளக்கேற்றிவிட்டு வேறொன்று கேட்டேன். அவன் நன்றாக இருக்கட்டும். கண்ணு தெரியட்டும், காது கேட்கட்டும். கோர்ட்டுப் படி ஏறக் காலில் பலம் இருக்கட்டும். அவனுக்கு நூறு வயசு கொடு சாமி என்று கேட்டேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
மதினி விஜயராணி