கரையிலேயே கிடைத்த ட்ரௌட்

தேவன் எனக்குத் துணையாகத் தந்தவளே,

ஏரியில் மிதக்கும் பனிக்கட்டி உருகித் தீரும்வரை படகேற மாட்டேன் என்று உன் மருத்துவமனைக் கட்டிலருகே கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. ஏரிக்கரைப் பாறையில் நின்றே தூண்டில் வீசினேன்.

படகில் போன பக்கத்து வீட்டு ஆர்வோ, "என்ன பெரியவரே, கல்லைப் பிடிக்கவா தூண்டில் போடறீங்க? ட்ரௌட்டு ஆழத்துல கெடக்கு!" என்று சிரித்தான். மேலும் கீழும் நீர் ஒரே குளிராயிருக்கும் இவ்வசந்தத் தொடக்கத்தில் அம்மீன் இரைதேடிக் கரைக்கே வரும் என்பதை மறந்துவிட்டான். அன்று சீடர்களைப் படகின் வலப்புறம் வலைவீசச் சொன்ன ஆண்டவர் இன்று எனக்கு இடுப்பளவு நீரைக் காட்டினார்.

சிக்கியது எட்டு ராத்தல் ட்ரௌட்!

வெறுங்கையோடு திரும்பியவன், "தோத்துட்டேன் பெரியவரே, அந்தப் பாறையில எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்க" என்றான்.

ஒன்பது நாளாய் உண்ணாத நீ வாய்திறந்து கேட்டது ட்ரௌட் சூப் ஒன்றுதான். பாலும் உருளைக்கிழங்கும் சேர்த்து அடுப்பேற்றிவிட்டேன். செவிலி இக்கடிதத்தைத் தந்த சற்று நேரத்தில் கிண்ணத்தோடு வருவேன். பசியோடிரு.

வாக்குத் தவறாத
உன் கணவன்