நூறு பக்கத் திட்டமும் ஒரு பட்டனும்

அன்புள்ள அமுதாவுக்கு,

இதில் எழுதுபவை: 1. என் நலம். 2. வெற்றி. 3. அதற்குக் காரணமான என் திட்டம்.

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்கில் எங்கள் லாரிப் பதிவு மென்பொருள் இன்று ஓடத் தொடங்கியது. வாசலில் லாரி வரிசையே இல்லை! தோற்றிருந்தால் என் வேலை போயிருக்கும்.

எல்லாவற்றையும் நூறு பக்கத்தில் திட்டமிட்டு, முழுதாக முடித்த பிறகே காட்டவேண்டும் என்றேன். எங்கள் குழுத் தலைவி கார்த்திகாவோ அஜைல் என்ற, சிறிது சிறிதாகச் செய்து திருத்தும் முறைப்படி, இரண்டு வாரத்துக்கு ஒரு பகுதியை ஓட்டுநர்களிடம் காட்டச் சொன்னாள். தயங்கித்தான் சம்மதித்தேன்.

முதல் பகுதியைத் திரையில் பார்த்ததுமே லாரி ஓட்டுநர் யுகேந்திரன் சிரித்துவிட்டார். "அங்கிள், கிளவுஸ் போட்ட கையில இந்தக் குட்டி பட்டன எப்படி லா அமுக்குறது?"

பட்டனைப் பெரிதாக்கினோம். இன்று அவரே முதலில் அழுத்தினார்.

பதிலை எழுதாதே, உன் குரலில் பதிந்து அனுப்பு. ஆபீஸ் வேன் வந்துவிட்டது.

வெற்றிக்கு என் திட்டமே காரணம் என்று மேலே மூன்றாவதாக எழுதியது தவறு, அமுதா. என் நூறு பக்கத் திட்டத்தில் கையுறையே இல்லை.

உன்
பழனியப்பன்