சீராகப் போன ஜாவா

11 பிப்ரவரி 2024, ஞாயிறு

இன்ஜினை இன்று முழுசாகப் பிரித்துவிட்டேன். கிராங்க் பேரிங் இரண்டும் துருவேறி இறுகிக் கிடந்தன. பங்காருபாளையம் மாம்பழ மண்டியில் காலிப் பெட்டிகளுக்கு அடியில் எத்தனை மழைக்காலம் கிடந்ததோ இந்த ஜாவா மோட்டார் சைக்கிள். என் சம்பளத்தில் வாங்கி, மினி லாரியில் போட்டுப் புத்தூருக்குக் கொண்டுவந்தபோது அக்கம்பக்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

பெற்ற நைனா மட்டும் சிரிக்கவில்லை. இன்றும் கொட்டகை வாசலில் வந்து நின்று, "முப்பத்தொரு வயசாவுது. கல்யாணம் பண்ணிக்கினு போவாம நட்டு போல்ட்டு திருகிக்கினு கீது" என்றார். என்னிடம் சொல்லவில்லை. தெருவிடம் சொன்னார்.

சாப்பிடும்போது நந்திதா தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள். "உன் நகத்தைப் பார்த்தா எனக்குச் சோறு எறங்கல, அக்கா." என்னைவிட ஆறு வயது சின்னவள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எப்போதும் சொன்னதில்லை.

25 பிப்ரவரி

திருப்பதியில் சலீம் பாயின் லேத்தில் சிலிண்டரை உள்ளே கடைந்து போர் போடக் கொடுத்துவிட்டு வந்தேன். வண்டியின் ஆர்.சி. வந்துவிட்டது. நைனா பெயரில். "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எனக்கு ஆள் கீது, பேருக்கு என் பேர்ல இருக்கட்டும்" என்றார். ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் எனக்கு அந்த ஆபீஸுக்கு அலைய நேரம் ஏது? சரி என்றுவிட்டேன்.

17 மார்ச், ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை திருப்பதி. ஹரிபிரசாத். சொந்தமாக லாட்ஜ் நடத்துகிற குடும்பம். தரகர் பாலசுந்தரம் கூட்டி வந்தார்.

நைனா கொட்டகைக் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் ஹரிபிரசாத் கொட்டகை ஜன்னல் வழியாக டேங்கைப் பார்த்துவிட்டார். "அது ஜாவாவா?" என்று எழுந்தே நின்றுவிட்டார். கேசரியை அப்படியே வைத்துவிட்டார்.

நைனாவால் சாவியைத் தராமல் இருக்க முடியவில்லை.

பட்டுப்புடவையோடு கொட்டகையில் நின்றேன். அவர் தரையில் குந்தி உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். கிக்கரையே முன்னால் திருப்பினால் அதுவே கியர் லீவர் என்று காட்டினேன். "இன்னொருவாட்டி காட்டுங்க" என்றார். காட்டினேன். ஆயில் சீல் எங்கே கிடைத்தது, டேங்க் துருவை எப்படி எடுத்தேன், இன்னும் என்ன பாக்கி - எல்லாம் சொன்னேன். நான் பேசுவதை இவ்வளவு நேரம் யாராவது கேட்டிருக்கிறார்களா? போகும்போது, "கன்னத்துல கிரீஸ் கீதுங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

துடைக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் இருந்தேன். பைத்தியம்.

18 மார்ச்

வேலையில் குறையுள்ள இரண்டு பீஸைப் பாஸ் செய்துவிட்டேன். சூப்பர்வைசர் கத்தினார். எனக்குக் கோபமே வரவில்லை.

29 மார்ச்

பாலசுந்தரம் வந்தார். நான் உள்ளே இருப்பது தெரிந்தும் குரலைத் தணிக்கவில்லை.

"பொண்ணு நல்ல பொண்ணுதான். கை மட்டும் ஆம்பளை கையாட்டம் கீதுன்னு பையன் யோசிக்கறான். அவங்க சின்னதைக் கேக்கறாங்க."

நைனா வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"கூடவே அந்த வண்டியையும் சீரா குடுத்தா, வேற எதுவும் வாணாங்கறாங்க."

நந்திதா கதவுக்குப் பின்னால் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

30 மார்ச்

"என் வண்டி" என்றேன்.

"ஆர்.சி.ல யார் பேரு?" என்றார் நைனா. அவ்வளவுதான். பேப்பரை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

அம்மா பின்கட்டுக்குக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குத்தான் அமையல. அவளுக்காவது அமையட்டும்டி." இந்த வீட்டில் அம்மா எனக்காக வாய் திறக்க வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். திறந்தாள்.

21 ஏப்ரல், ஞாயிறு

மூன்று வாரமாகக் கொட்டகைப் பக்கம் போகவில்லை. இன்று நைனா பாஸ்கரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மொபெட் ரிப்பேர் செய்கிறவர். நான் மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் சுற்றி வைத்திருந்த கிராங்கை எடுத்து வெறும் தரையில் போட்டு, சுத்தியலால் பேரிங்கை அடிக்கத் தொடங்கினார்.

சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நான்காவது அடியில் ஓடினேன்.

"விடுங்க. நானே முடிச்சிக் குடுக்கறேன்."

நைனாவுக்குத் தெரியும், நான் வருவேன் என்று. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

12 மே

ஓடியது.

முதல் சில உதைக்குப் புகை மட்டும். பொறி தரும் பாயிண்டின் இடைவெளியைச் சரிசெய்தேன். பிறகு உதைத்ததும் பிடித்துக்கொண்டது. இரண்டு சைலன்சரும் சேர்ந்து ஒரே தாளத்தில் - அதை எப்படி எழுத? உடம்பெல்லாம் நடுங்கியது எனக்கு. வண்டியா, நானா, தெரியவில்லை.

வெளியே ஓட்டிப் பார்க்கலாம் என்று ஹேண்டில்பாரைத் திருப்பினேன். நைனா சாவியை எடுத்துவிட்டார். "மாப்பிள்ளை வண்டி. கீறல் உழுந்தா யார் பதில் சொல்றது?"

நானே பிரித்துப் பூட்டிய வண்டியை நான் ஒருமுறைகூட ஓட்டவில்லை. இதை எழுதிவைக்கிறேன்.

22 ஆகஸ்ட், வியாழன்

காணிப்பாக்கத்தில் நந்திதா கல்யாணம். மண்டப வாசலில் ஜாவாவுக்குச் சாமந்தி மாலை. வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். குடும்பப் படத்துக்கு நான் போய் நின்றபோது நந்திதா போட்டோகிராபரிடம் சொன்னாள்: "அக்கா கையைப் புடவைக்குள்ள வெச்சிக்கச் சொல்லுங்க."

வைத்துக்கொண்டேன்.

6 அக்டோபர்

போன். "அக்கா, சிக்னல்ல நின்னா ஆஃப் ஆவுது." ஹரிபிரசாத் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இப்போது நான் அக்கா. ஐட்லிங் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்புவது என்று சொன்னேன். தப்பாகச் சொல்லியிருக்கலாம். வண்டி என்ன பாவம் செய்தது?

12 ஜனவரி 2025

பாலசமுத்திரத்தில் ஒரு வரன், பெண்டாட்டி செத்தவர், இரண்டு பிள்ளைகள் என்று நைனா சொன்னார். "இதுக்குமேல உனக்கு இன்னா வரும்?"

19 ஜனவரி

திருப்பதியில் வீடு பிடித்துவிட்டேன். கீழ்த்தளம், பக்கத்தில் ஷெட். கம்பெனி பஸ் இங்கிருந்தும் போகிறது. அம்மா அழுதாள். நைனா டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

9 மார்ச், ஞாயிறு

சலீம் பாய் சொல்லி ஒரு பழைய ராஜ்தூத் பைக் வந்திருக்கிறது ரிப்பேர் வேலைக்கு. அதை விட்டுவிட்டு ஹரிபிரசாத் வீட்டுக்குப் போனேன். ஜாவா ஸ்டார்ட் ஆகவில்லையாம். அவசரமாம்.

போனால், வீட்டு முன்னால் அவர் சிநேகிதர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "இந்த இன்ஜினை நானே பிரிச்சிப் பூட்டினேன், ரெண்டு வருஷம் முதுகு ஒடிஞ்சிது" என்று ஹரிபிரசாத் என் எதிரிலேயே சொல்கிறார். நான் குந்தி உட்கார்ந்து பாயிண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். யாரோ மெக்கானிக் என்று நினைத்திருப்பார்கள்.

நந்திதா காப்பி கொண்டுவந்தாள். இளைத்திருக்கிறாள். ஒரு வாய் குடித்துவிட்டு அவர் டம்ளரை மண்ணில் கவிழ்த்தார்.

"ஒரு காப்பி போடத் தெரியல. உங்க அக்கா இன்ஜினே பூட்டறாங்க. நீ இன்னாத்துக்கு லாயக்கு?"

சிநேகிதர்கள் சிரித்தார்கள். அவள் ஈரமான மண்ணிலிருந்து டம்ளரைப் பொறுக்கினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

கை கழுவப் போனபோது சமையலறையில் என் முந்தானையைப் பிடித்தாள். தினமும் இப்படித்தானாம். சில நாள் கையும் நீளுமாம். "நீ சொன்னா கேப்பாரு. ஒரு வார்த்தை சொல்லேன், அக்கா."

"வண்டியோட வந்தவ நீ. வண்டி ஓடற வரைக்கும் வெச்சிருப்பாரு" என்றேன்.

பிடியை விட்டாள். சோப்பு போட்டு நிதானமாகக் கை கழுவிவிட்டு வந்தேன்.

10 மார்ச்

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஏன் வேண்டாம்? யார் எனக்காக எதைச் சொல்லாமல் விட்டார்கள்?

28 ஜூன்

ஹரிபிரசாத் ஜாவாவைப் பெங்களூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டாராம். சலீம் பாய் சொன்னார். "மீரு... நீங்க கட்டின வண்டிதானே அம்மா, உங்களுக்குச் சொல்லலியா?" என்றார். இல்லை என்றேன். அழுகை வருமா என்று காத்திருந்து பார்த்தேன். வரவில்லை.

13 ஜூலை, ஞாயிறு

மதியம் ஷெட் வாசலில் நிழல் விழுந்தது. நந்திதா. கையில் ஒரு பை.

கார் வாங்கித் தந்தால்தான் திரும்பி வரவேண்டும் என்று ஹரிபிரசாத் அனுப்பிவிட்டாராம். புத்தூருக்குப் போயிருக்கிறாள். நைனா கேட்டைத் திறக்காமல், "கட்டிக் குடுத்தாச்சு, அங்கியே இரு. இங்க வந்து என் மானத்த வாங்காத" என்றாராம். அம்மா ஜன்னலில் நின்றிருந்தாளாம்.

நான் ராஜ்தூத்தின் கார்ப்ரேட்டரை மாட்டிக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை. முடிக்கும் வரை அவளை வெயிலிலேயே நிற்க வைத்தேன். இடது கன்னம் வீங்கியிருந்தது. பார்த்தேன். கேட்கவில்லை.

"துன்னியா?" என்றேன் கடைசியில்.

இல்லை என்று தலையாட்டினாள்.

"உள்ள அரிசி கீது. ஆக்கித் துன்னு."

பையோடு உள்ளே போனாள். பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது நின்றது. பிறகு அழுகை. சின்ன வயதில் அழுவாளே, மூச்சைப் பிடித்துப் பிடித்து, அதே அழுகை. எழுந்து போய் ஒரு கையைத் தோளில் வைத்தால் போதும். அதற்குத்தான் வந்திருக்கிறாள். எனக்குத் தெரியும்.

கிக்கரை உதைத்தேன். உடனே பிடித்துக்கொண்டது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். ஷெட் தகரம் அதிர்ந்தது.

அப்போதும் லேசாகக் கேட்டது.

இன்னும் முறுக்கினேன்.